ஒற்றுப்பிழையும் பொருட்பிழையும்

‘நோயெதிர்ப்புச் சக்தி’ என்னுந் தொடர் இக்காலத்தில் நம்மவர் நாவிற் பெரிதும் வழங்குகின்றது. 2020 ஆம் ஆண்டிற் கொரோனாக் கொள்ளைநோய் உலகைக் கலக்கியபோது அத்தொடர் மருத்துவர் வாயினின்றும் இறங்கித் தெருவுக்கு வந்தது. வந்தது மீண்டு போகவில்லை. மாவிலே சக்தி, தேனிலே சக்தி, தேயிலையிலே சக்தி, போத்தலில் அடைத்த கஷாயத்திலே சக்தி. அத்தொடர் பொறிக்கப்படாத பண்டத்தைக் கடையிற் றேடித்தான் காணவேண்டும். இலக்கணம் படிப்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என வாசகர் வினவலாம். வினவுக. விடை இக்கட்டுரையிலேயே வரும். அதனைச் சொல்லுவதற்கு எனக்குச் சிறிது துணிவு வேண்டியிருக்கின்றது.

முதலிற் சொல்லைப் பற்றிச் சொல்லுகின்றேன். நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்களில் இப்பொருளுக்கு ‘நிர்ப்பீடனம்’ என்னுஞ் சொல் வழங்குகின்றது. வடசொல். பீடனம் என்பது வருத்துதல். அஃது இல்லாத நிலை நிர்ப்பீடனம். யான் இளமையில் அச்சொல்லை வெறுத்தேன். தமிழிற் சொற்பஞ்சமோ எனச் சினந்து, ‘நோயெதிர்ப்பாற்றல்’ என எழுதுமாறு மாணாக்கரைப் பணித்ததுமுண்டு. இன்று அவ்வளவு உறுதியோடு பணியேன். ஆற்றல், சக்தி என்றவுடனே அது கிணற்று நீர்போல ஏறியும் இறங்கியும் நிற்பதொரு பொருள் என்றும், குறைந்தால் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம் என்றும் கேட்போர் மனத்தில் ஒரு மயக்கம் பிறக்கின்றது. நிர்ப்பீடனம் என்னுஞ் சொல்லுக்கு அழகில்லை. ஆனால் அதனைப் போத்தலின்மேல் ஒட்டி விற்க எவருந் துணியார்.

அப்பாடநூல்களிலே மற்றொரு சொல்லும் உண்டு. குருதியில் நோய்க்கிருமியைப் பற்றிப் பிடிக்கும் புரதத்தைப் ‘பிறபொருளெதிரி’ என்பர். இச்சொல்லின் முதலில் நிற்கும் ‘பிற’ என்பதே இம்மருத்துவம் முழுவதுக்குந் திறவுகோல். உடம்பு தன்னையும் பிறவற்றையும் வேறு பிரித்தறிந்து, பிறவற்றைத் தாக்குகின்றது. அம்மை வைரசு பிற. ஈளைநோய்க் கிருமி பிற. புற்றுநோயோ பிறவன்று. அது நம் உடம்பின் கலமே. தன் வரம்பைக் கடந்து, பெருகுதல் ஒன்றையே தொழிலாகக் கொண்ட நம் கலம். வள்ளுவர் பகையைக் கூறியபின் உட்பகைக்கெனத் தனியோரதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. புறத்தே நிற்கும் பகைவனுக்குப் படை போதும். உட்பகைக்குப் படை போதாது. இன்னான் பகைவன் என்று அறியும் அறிவு வேண்டும். ஆகவே இங்கு வினா சக்தி எவ்வளவு என்பதன்று, இனங்காணல் நிகழ்ந்ததா என்பதே. இந்த வேறுபாட்டை மேனாட்டு மருத்துவர் கண்டு தெளிவதற்கு நூறாண்டுக்கு மேற் சென்றது. அக்கதை சுவையானது.

1890 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்தில், முப்பது வயது நிரம்பாத சத்திரவைத்தியர் வில்லியம் கோலி என்பாரிடம் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். புகைவண்டிப் பயணத்திற் கையிற் பட்ட சிறு காயம் ஆறாமல் நொந்தது. அது என்பைப் பற்றிய சார்க்கோமா என்னும் புற்றெனத் தெரிந்ததும் கோலி முன்கையை வெட்டி நீக்கினார். பயனில்லை. புற்று உடலெங்கும் பரந்து 1891 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவள் இறந்தாள். மருத்துவர்க்கு இறப்புப் புதிதன்று. எனினும் இவ்விறப்பு இளைஞரான கோலியை உறங்கவிடவில்லை. அவர் வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை எடுத்துச் சார்க்கோமா நோயாளர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் படிக்கத் தொடங்கினார். ஒரு பதிவிற் கண் நின்றது. கழுத்திற் புற்றுடைய ஒருவன், பலமுறை வெட்டியும் மீண்டும் மீண்டும் முளைத்தது, மருத்துவர் கைவிட்டனர். அந்நிலையில் அவன் புண்ணில் எரிசிப்பெலசு என்னுஞ் சருமத் தொற்று ஏறியது. தோல் நெருப்பெனச் சிவந்து கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வருந்தோறும் கட்டி சுருங்கியது. ஈற்றில் அவன் சுகமடைந்து வீடு சென்றான் என்பதோடு பதிவு முடிந்தது. ஏழாண்டுகளுக்கு முந்திய செய்தி.

கோலி ஏட்டை மூடி வைக்கவில்லை. நியூயோர்க்கின் கீழ்த்திசையில், ஜேர்மனியிலிருந்து குடியேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அடுக்குமாடிச் சேரிகளிற் படிப்படியாய் ஏறிக் கதவு கதவாய்த் தட்டி அம்மனிதனைத் தேடினார். கண்டார். கழுத்திற் பெருந்தழும்போடு அவன் உயிருடனும் நலத்துடனும் இருந்தான்.

இவ்விடத்தில் என் மனம் சிறிது தங்குகின்றது. 1887 ஆம் ஆண்டிலே நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றினார். அத்தகையோர் ஏட்டுப் பிரதிகளை வீடுவீடாய்த் தேடியலைந்த அதே காலத்தில், பூமியின் மறுபுறத்தில் இவர் ஒரு மனிதனை ஏடு தேடுவதுபோலத் தேடினார். பதிவேட்டில் எழுதியிருப்பது மெய்யா என்பதைப் பதிவேட்டிலேயே பார்த்து அறிய முடியாது, மூலத்தைக் காணவேண்டும். பதிப்புத் தொழில் அறிந்தார் இதனை எளிதில் உணர்வர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லுகின்றேன். 1891 ஆம் ஆண்டிற் கோலி, கைவிடப்பட்ட நோயாளி ஒருவனுக்கு வேண்டுமென்றே அத்தொற்றை ஏற்றினார். நோயாளி சாவின் விளிம்புவரை சென்று மீண்டான், கட்டி உருகியது, பின்னும் பல்லாண்டு வாழ்ந்தான். ஆயின் உயிருள்ள கிருமி இன்னாரைக் கொல்லும் இன்னாரைக் கொல்லாது என்னும் நியதியில்லை. வேறு இருவர் அத்தொற்றாலேயே மாண்டனர். ஆகவே 1893 ஆம் ஆண்டு தொடங்கி இருவகைக் கிருமிகளைக் கொன்று கலந்த கலவையை ஊசியேற்றினார். ‘கோலியின் நச்சுநீர்’ என அது பெயர்பெற்றது. முதலிற் பெற்றவருள் வயிற்றிற் பெருங்கட்டியுடைய ஒரு பதினாறு வயது இளைஞன், கட்டி நீங்கி இருபத்தாறு ஆண்டு வாழ்ந்து இருதய நோயால் இறந்தான்.

இவ்வளவும் மெய்யாயின் உலகம் ஏன் கோலியைக் கொண்டாடவில்லை? இரு காரணம் உண்டு. ஒன்று, எக்ஸ் கதிரும் இரேடியமும் வந்தன. அவை கட்டியைக் கண்காணச் சுருக்கின; கையாளுதற்கு எளியன. கோலி பணிபுரிந்த வைத்தியசாலையிலேயே அவருக்கு மேலதிகாரியாயிருந்த ஜேம்சு யூவிங் இரேடியத்தின் பக்கம் நின்று நச்சுநீரை இகழ்ந்தார். இக்காரணத்தை எல்லாரும் சொல்லுவர். சொல்லும்போது கோலியைத் தியாகியாகவும் யூவிங்கைக் கொடியவராகவும் ஆக்கிவிடுவர். மற்றக் காரணத்தைச் சொல்லுவார் சிலரே. கோலியின் மருந்து ஒரு மருந்தாயிருக்கவில்லை. ஒரு காலத்தில் ஒருவகையாகவும் மற்றொரு காலத்தில் வேறுவகையாகவும் அது வடிக்கப்பட்டது. சில வலியன, சில வெறுநீர் போன்றன. எவ்வளவு, எத்தனை நாள், எவ்விடத்தில் ஏற்றுவது என்பதும் ஒருபடித்தாயில்லை. பின்தொடர்ந்து பார்த்த குறிப்புகளும் குறைவு. ஆகையாற் பிறர் செய்து பார்த்தபோது அதே பயன் கிட்டவில்லை. கோலி ஏமாற்றுபவரல்லர், ஆயினும் அவரை நம்பாதார் எல்லாரும் மூடருமல்லர். 1936 ஆம் ஆண்டில் அவர் இறந்தார். மருத்துவப் பட்டம் பெறாத அவர் மகளார் எலன் கோலி நோட்சு, தந்தையின் கடிதங்களையும் குறிப்புகளையும் பல்லாண்டு தொகுத்து ஒழுங்குபடுத்தி, 1953 ஆம் ஆண்டிற் புற்றுநோயாராய்ச்சிக்கென ஒரு நிலையத்தை நிறுவுவித்தார். தந்தை செய்யத் தவறிய பதிவை மகள் செய்தார் என்க.

அந்நிலையத்தோடு நெடுங்காலம் தொடர்புற்றிருந்த லொயிட் ஓல்ட் என்னும் ஆராய்ச்சியாளர், ஈளைநோய்க்குரிய பி.சி.ஜி. தடுப்புமருந்து எலிகளிற் புற்றுவளர்ச்சியைத் தடுக்கின்றது என 1959 ஆம் ஆண்டிற் காட்டினார். நம் பிள்ளைகள் பிறந்தவுடன் மேற்கையிற் பெற்றுத் தழும்பாகச் சுமக்கின்றார்களே, அம்மருந்துதான். 1976 ஆம் ஆண்டிற் கனடாவில் மொராலெசு என்னும் மருத்துவர் அதனைச் சலப்பைப் புற்றுள்ளார்க்குச் சலப்பையினுள்ளே செலுத்திப் பயன் கண்டார். அம்முறை இன்றும் உலகெங்கும் நடைபெறுகின்றது. கோலியின் கொள்கைக்கு அவர் மறைந்து நாற்பதாண்டின் பின் கிடைத்த சான்று இது. அளவு உண்டு, முறை உண்டு, இன்னவகைப் புற்றுக்கே என்னும் வரையறையும் உண்டு, ஆகவேதான் நிலைத்தது.

எனினும் பெருந்திருப்பம் வேறொரு வழியில் வந்தது. புற்றைத் தாக்க வல்ல ‘ரீ’ கலங்கள் குருதியில் இருக்கின்றன, புற்றின் அண்மையிலும் நிற்கின்றன, ஆயினும் தாக்குவதில்லை. ஏன்? சக்தி போதாது என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர். அமெரிக்கரான ஜேம்சு அலிசன் வேறு வகையில் எண்ணினார். அவர் சிறுவனாயிருக்கும்போதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ‘ரீ’ கலத்தின்மேல் சீ.ரீ.எல்.ஏ.–4 என ஒரு புரதம் உண்டு. அது மோட்டார் வண்டியின் பிறேக்குப் போன்றது. கலம் வெறிகொண்டு சொந்த உடம்பையே தாக்கிவிடாதபடி அடக்குவது. அந்தப் பிறேக்கை ஒரு பிறபொருளெதிரியால் மறைத்தபோது எலிகளிற் புற்று மறைந்தது என 1996 ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்டனர். யப்பானில், கியோத்தோவில், தசுக்கு ஹொஞ்சோ என்பவரின் ஆய்வுகூடம் 1992 ஆம் ஆண்டிற் பீ.டீ.–1 என மற்றொரு பிறேக்கைக் கண்டிருந்தது. முதல் மருந்து 2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018 ஆம் ஆண்டில் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வாசகர் இதனைக் கூர்ந்து நோக்கவேண்டும். இம்மருந்து எச்சக்தியையும் ஊட்டவில்லை. முன்னமே உள்ள படையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தது, அவ்வளவே. அவிழ்த்தாற் படை பகைவனை மட்டுந் தாக்கும் என்பதும் உறுதியில்லை. குடலையும், ஈரலையும், தைரொயிட்டுச் சுரப்பியையும், சிலவேளை இருதயத்தையுமே தாக்கிவிடும். உயிரிழந்தோரும் உளர். எதிர்ப்பைப் ‘பெருக்குவது’ எப்போதும் நன்மையாயின் மூட்டுவாதத்தால் விரல் கோணி வருந்துவோரிற் பலர் உலகிற் பாக்கியசாலிகளாயிருத்தல் வேண்டும். அவர்தம் நோயே மிகையான எதிர்ப்பினால் விளைந்தது. பயனும் எல்லார்க்குமில்லை. பரந்துவிட்ட மெலனோமா என்னுந் தோற்புற்றில், முன்பு சில மாதங்களில் இறந்தொழிந்தவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதல் மருந்தினால் நெடுநாள் வாழ்கின்றனர். அது சிறிய பேறன்று. ஆயின் நால்வர் எஞ்சுகின்றனர் என்பதையுஞ் சேர்த்தே சொல்லவேண்டும். அமெரிக்க முன்னாட் சனாதிபதி ஜிம்மி காட்டர் 2015 ஆம் ஆண்டிற் றம் தொண்ணூறாம் வயதில், மூளைவரை பரந்த மெலனோமாவுக்கு இத்தகைய மருந்தினாற் சிகிச்சை பெற்று நூறு வயதுவரை வாழ்ந்தார். அவருக்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் உடன் நடந்தன என்பதைக் கதை சொல்லுவோர் விட்டுவிடுகின்றனர்.

இன்னொரு முறையில், நோயாளியின் ‘ரீ’ கலங்களையே வெளியே எடுத்துப் புற்றை இனங்காணும்படி மாற்றியமைத்து மீளச் செலுத்துகின்றனர். குருதிப்புற்றால் இறக்குந் தறுவாயிலிருந்த ஒரு சிறுமி 2012 ஆம் ஆண்டிற் பிலடெல்பியாவில் இம்முறையாற் பிழைத்தாள். 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கா அதனை அனுமதித்தபோது ஒருவர்க்குரிய விலை 475,000 டொலர். இவ்விலையை எழுதும்போது என் பேனை தயங்குகின்றது. நம் ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாட் சம்பளம் முழுவதையுங் கூட்டினாலும் எட்டாத தொகை. மெய்யான மருந்து எட்டாத உயரத்தில் நிற்கப் பொய்யான மருந்து வாயிற்படிக்கு வருகின்றது. வருபவனை மட்டும் நோவதில் நீதியில்லை.

இனி என் கதை.

2021 ஆம் ஆண்டில் மருந்து விற்பனை செய்யும் ஒருவர் என்னிடம் ஒரு துண்டுப்பிரசுரத்தின் படியைக் கொண்டுவந்தார். ‘பண்டிதர் ஐயா, பிழை பார்த்துத் தாருங்கோ’ என்றார். தம் தயாரிப்பு நோயெதிர்ப்புச் சக்தியைப் பன்மடங்கு பெருக்கிப் புற்றுநோயை வேரோடு அறுக்கும் என்றும், வெட்டும் கதிரும் வேண்டாவாம் என்றும் அதில் எழுதியிருந்தது. யான் பார்த்தேன். வல்லெழுத்து மிகவேண்டிய இடங்கள் பதினொன்றில் மிகுத்தேன். ‘அறுத்தெரியும்’ என்பதனை ‘அறுத்தெறியும்’ எனத் திருத்தினேன். ஒருமை பன்மை மயக்கம் இரண்டு களைந்தேன். ஒரு வாக்கியம் தளர்ந்து கிடந்தது. அதனை இறுக்கி ஓசைபட அமைத்துக் கொடுத்தேன். அவர் மகிழ்ந்து சென்றார். யானும் மகிழ்ந்தேன்; பிழையற்ற ஒரு பிரசுரமேனும் ஊரில் உலாவட்டும் என எண்ணினேன். அது சொல்லும் பொருள் மெய்யோ பொய்யோ என்னும் எண்ணம் அரைக்கணமும் என்னுள் எழவில்லை.

அடுத்த ஆண்டு, பாலபண்டிதர் வகுப்பில் என்னிடம் பாடங்கேட்ட ஒருத்தி என்னைக் காண வந்தாள். தானும் ஆசிரியையாகி இரு பிள்ளைகட்குத் தாயானவள். மெலிந்திருந்தாள். மார்பில் ஒரு கட்டி கண்டு ஒன்பது மாதம் அம்மருந்தை உண்டதாகவும், கட்டி பெருத்து இப்போது முதுகென்பும் நோவதாகவுஞ் சொன்னாள். யான் பதறி, ‘படித்த பிள்ளை நீ, இதனை எப்படி நம்பினாய்?’ என்றேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின், ‘ஐயா பார்த்த பிரசுரம் எண்டு விக்கிறவர் சொன்னவர். வாசிச்சுப் பார்த்தன். ஐயாவின்ர வசனம் எண்டு தெரிஞ்சுது’ என்றாள். குற்றஞ்சாட்டும் குரலன்று, கேட்டதற்கு விடை, அவ்வளவே. யான் இறுக்கிக் கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தை அவள் அடையாளங் கண்டிருக்கின்றாள். நடையைக் கொண்டு ஆசிரியரை இனங்காண்பது எவ்வாறு என்று அவளுக்குப் படிப்பித்தவன் யானே.

வைத்தியசாலைக்கு அன்றே அனுப்பினேன். நோய் என்பிற் பரந்திருந்தது. 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவள் இறந்தாள். முதலிலேயே சென்றிருந்தாற் பிழைத்திருப்பாள் என உறுதிகூற எவராலும் இயலாது என்பர் மருத்துவர். அது மெய்யே. ஆயினும் அந்த ஒன்பது மாதம் ஒன்பது மாதமே. அதனை எந்த விகாரவிதியாலுங் குறுக்க முடியவில்லை.

அதன்பிறகே யான் கோலியைப் பற்றியும் அலிசனைப் பற்றியும் படிக்கலானேன். மருத்துவராயுள்ள என் பழைய மாணாக்கர் ஒருவர் நூல்கள் தந்து விளங்காதவற்றை விளக்கினார். படித்ததைச் சிலரிடஞ் சொன்னபோது எழுந்த ஒரு வாதத்துக்கு இங்கே விடை கூறவேண்டும். ‘கோலியையும் அன்று இகழ்ந்தார்கள், இன்று அவர் கொள்கை வென்றது. அதுபோல நம் நாட்டு மருந்தையும் இன்று இகழ்கின்றார்கள். நாளை வெல்லும்’ என்றார்கள். கேட்பதற்கு இனிது, தருக்கத்துக்குப் பொருந்தாது. இகழப்பட்ட மெய் ஒன்று உண்டு என்பதனால் இகழப்பட்டன எல்லாம் மெய் என்று ஆகா. என் பாட்டனார் பரிகாரியார். அவர் கைராசியை ஊரார் இன்றும் பேசுவர். ஆறாப் புண்ணையும் கல்லெனக் கிடக்குங் கட்டியையும் கண்டால், ‘இது என்ர கையுக்கு மிஞ்சினது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ’ என்று திருப்பி அனுப்புவார், காசும் வாங்கார். நாட்டு வைத்தியத்துக்கு யான் பகைவனல்லேன். கோலி தோற்றது எதிலே என்பதைத்தான் அவ்வாதம் செய்வோர் நோக்கவேண்டும். எத்தனை பேர்க்குக் கொடுத்தீர், எத்தனை பேர் பிழைத்தார், பிழையாதவர் எத்தனை பேர், எண்ணியவர் யார் என்னும் வினாக்களுக்கு அவரிடம் நிறைவான விடையில்லை. அதனால் மெய்யே அரை நூற்றாண்டுக்கு மேற் புதைந்து கிடந்தது. விடையே இல்லாத பொய்க்கு நாம் ஏன் அவரினும் மிகுந்த சலுகை காட்டவேண்டும்?

எட்டாத விலை பற்றி மேலே வருந்தினேன். எட்டுவதும் ஒன்று உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றை விளைப்பது பப்பிலோமா வைரசு என ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசன் நிறுவி 2008 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். வைரசு பிறபொருள், உட்பகையன்று. ஆகவே புற்றாக மாறுமுன் வாயிலிலேயே அதனைத் தடுக்கலாம். அதற்குரிய தடுப்பூசி 2006 ஆம் ஆண்டில் வந்தது. நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டு தொடங்கி ஆறாந்தர மாணவியர்க்குப் பாடசாலையிலேயே காசின்றி ஏற்றப்பட்டு வருகின்றது. உடம்பின் எதிர்ப்பைக் கொண்டு புற்றை வெல்லும் மெய்யான வழி இது; 475,000 டொலர் வேண்டியதில்லை. பெற்றார் சிலர் வதந்தியைக் கேட்டுச் சம்மதக் கடிதத்திற் கையொப்பமிட மறுக்கின்றனர். அக்கடிதத்தைப் பிள்ளையின் கையிற் கொடுத்தனுப்புபவர் வகுப்பாசிரியர். அவ்வாசிரியர் தமிழ் படிப்பிப்பவராயிருக்கலாம். பெற்றாரை அழைத்துக் கால்மணி நேரம் பேசுவதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டுமென யான் கருதவில்லை.

சென்ற மாதத்தில் வேறொருவர் வேறொரு பிரசுரத்தோடு என்னிடம் வந்தார். ஒற்றுப்பிழை மலிந்திருந்தது. யான் பேனையை எடுக்கவில்லை. எவ்வகைப் புற்று, எத்தனை பேர், எண்ணியவர் யார் எனக் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘ஐயா, நான் வந்தது எழுத்துப்பிழை பார்க்க’ என்றார். ஏழாம் வரியில் ஒரு பிழையைச் சுட்டு விரலாற் காட்டி, ‘இதிலிருந்து தொடங்குவோம், இருங்கோ’ என்றேன். அவ்வரியில் இருந்த சொல் ‘குணப்படுத்தும்’. எழுத்திற் பிழையில்லையே என்று அவர் வியந்தார். பின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். வேறொரு பண்டிதரை நாடிச் சென்றதாகக் கேள்வி.